லேபிளில் இருக்கும் எண்கள்: யாருக்கு எது ஆகாது?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "இந்த எண்கள் இருந்தால் புற்றுநோய் வரும்" என்று ஒரு பட்டியல் வந்தது. 330, 211, 282, 322, 621 என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பாக்கெட்டிலும் ஏதாவது ஒரு எண் இருக்கிறது. தக்காளி சாஸ், ஜாம், பிரெட், இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். பிரிசர்வேட்டிவ் இல்லை என்று போட்டிருக்கும் சாஸும் ஊறுகாயும் இரண்டு மடங்கு விலை. அதைத்தான் வாங்க வேண்டுமா? மகனுக்கு 6 வயது, 20 கிலோ இருக்கிறான். சாஸ் இல்லாமல் அவனுக்குத் தோசை இறங்காது. வீட்டில் மாமனாருக்கு வீசிங் தொந்தரவு உண்டு. எலுமிச்சை ஸ்குவாஷ் குடித்தால் சில நேரம் இருமல் வந்துவிடுகிறது, குளிர்ச்சி சேரவில்லை என்கிறார். லேபிளை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தாருங்கள்.
வாசகி, நாமக்கல்

பதில்:

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் மாமனார் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசக் கூடியவை. இது அப்படியல்ல.

அவர் குடிக்கும் ஸ்குவாஷ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 224 அல்லது 223 என்ற எண் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், சோடியம் மெட்டாபைசல்பைட் என்பவை இவை. பழச்சாறு, ஊறுகாய்த் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்திருப்பதால் சொல்கிறேன்: எங்களுக்கு அது வெறும் "கே.எம்.எஸ்.". அந்த டப்பாவைத் திறந்தாலே தீக்குச்சி உரசியதும் வருகிற நெடி மூக்கில் ஏறும். புளிப்பான சாற்றில் கலந்ததும் அது சல்பர் டை ஆக்சைடு வாயுவை விடும். பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் அடக்குவது அந்த வாயுதான். எலுமிச்சை, ஆரஞ்சு, மாம்பழம் போன்ற வெளிர் நிறச் சாறுகளுக்கு இதைப் போடுவார்கள், சாறு கறுக்காமல் இருக்கும். திராட்சை, நாவல், மாதுளைக்குப் போட்டால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் அங்கே 211 (சோடியம் பென்சோயேட்) போடுவார்கள்.

நம்மில் பெரும்பாலானோருக்கு இது ஒன்றும் செய்யாது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறக்குறைய 3 முதல் 10 சதவீதம் பேருக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாது. குடிக்கும்போதே அந்த வாயு தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் போய் இருமலையும் இளைப்பையும் கிளப்பிவிடும். அமெரிக்காவில் சாலட் காய்கறிகள் வாடாமல் இருக்க உணவகங்களில் சல்பைட் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்துமா நோயாளிகள் சிலர் இறந்த பிறகு, பச்சையாகச் சாப்பிடும் காய் பழங்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று 1986-ல் தடை வந்தது. அந்த அளவுக்குத் தீவிரமாகக் கூடிய விஷயம் இது.

உங்கள் மாமனாருக்கு இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஐஸ் தண்ணீரும் சிலருக்கு இருமலைத் தூண்டும். ஆகவே ஸ்குவாஷை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, அவருடைய நுரையீரல் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். "இன்னொரு தரம் கொடுத்துப் பார்ப்போமே" என்று வீட்டிலேயே சோதனை செய்ய வேண்டாம். எலுமிச்சைச் சாறு வேண்டுமென்றால் பழத்தைப் பிழிந்து, ஐஸ் போடாமல் கொடுங்கள்.

அவருக்காக லேபிளில் தேட வேண்டிய எண்கள் 220 முதல் 228 வரை. இவை ஸ்குவாஷில் மட்டும் இருப்பதில்லை. பொன்னிறமாக மினுங்கும் கிஸ்மிஸ், ஆரஞ்சு நிறம் மாறாத உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டிலும் அந்த நிறத்தைக் காப்பது சல்பர் டை ஆக்சைடுதான். ஃப்ரீசரில் வரும் இறாலிலும் கருமை படராமல் இருக்கச் சேர்ப்பார்கள். யாரும் கவனிக்காத இடம் பிஸ்கட். மாவு நெகிழ்ந்து கொடுக்க 223 சேர்ப்பதுண்டு. அங்கே அது பிரிசர்வேட்டிவ் என்ற தலைப்பில் வராது, மாவைப் பதப்படுத்தும் பொருள் என்ற பெயரில் வரும். பிரிசர்வேட்டிவ் என்ற சொல்லை மட்டும் தேடினால் கண்ணில் படாது. ஒரு வசதி உண்டு: நம் நாட்டின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் பால், நிலக்கடலை, சோயா போல அதையும் ஒவ்வாமைப் பொருள் வரியில் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழே பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் பாருங்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் கிஸ்மிஸில் லேபிளே கிடையாது, அதை அவருக்குக் கொடுக்காதீர்கள். பாயசத்துக்குப் போட வேண்டுமென்றால் பழுப்பு நிறத்தில் வரும் வெயிலில் காய்ந்த வகையை, லேபிள் ஒட்டிய பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, வாட்ஸ்அப் பட்டியலுக்கு வருவோம்.

இந்தப் பட்டியலுக்கு நம் அம்மாக்களின் வயது. 1976 வாக்கில் பிரான்சில் ஒரு துண்டுப் பிரசுரமாகக் கிளம்பியது. வில்ஜுயிஃப் என்ற ஊரில் இருக்கும் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையின் பெயரை யாரோ அதில் போட்டுவிட்டார்கள். அந்த மருத்துவமனை மறுத்தும் பிரசுரம் நிற்கவில்லை, ஜெராக்ஸாக நாடு நாடாகப் போய், இப்போது நாமக்கல் வரை வந்திருக்கிறது. அதில் மிக ஆபத்தானது என்று குறிக்கப்பட்ட எண் எது தெரியுமா? 330. அது சிட்ரிக் அமிலம், எலுமிச்சைப் புளிப்பு. உங்கள் பட்டியலிலும் அதுவே முதலில் நிற்பதைப் பார்த்ததும் ஊர்ஜிதம் செய்துகொண்டேன். 322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 621 அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் உப்பு, அது பிரிசர்வேட்டிவே இல்லை. இந்த எண் முறையில் மஞ்சளின் நிறச்சத்துக்கும் 100 என்று ஓர் எண் உண்டு, வைட்டமின் சி-க்கு 300. எண் இருக்கிறது என்பதற்கு, அந்தப் பொருளைச் சோதித்து அட்டவணையில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை.

தோராயமாக 100-களில் நிறங்கள், 200-களில் பிரிசர்வேட்டிவ்கள், 300-களில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பவையும் புளிப்புகளும், 400-களில் கெட்டிப்படுத்துபவை, 500-களில் சோடா உப்பு வகையறா, 600-களில் சுவை கூட்டுபவை. 400-களையும் 500-களையும் நான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவேன்.

இப்போது உங்கள் மகனும் 211-ம். சோடியம் பென்சோயேட் புளிப்பான பொருளில்தான் வேலை செய்யும், அதனால்தான் சாஸ், ஜாம், ஊறுகாய், குளிர்பானம் இவற்றில் பார்க்கிறோம். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஹிப்யூரிக் அமிலமாக மாற்றி ஒரு நாளைக்குள் சிறுநீரில் அனுப்பிவிடும், சேர்ந்துகொண்டே போவதில்லை. வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021-ல் இதை 20 வரை உயர்த்தியது. நாம் கறாராக 5-ஐயே எடுத்துக்கொள்வோம். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். கணக்குக்காக, ஒரு கிலோ சாஸில் 1 கிராம் பென்சோயேட் தாராளமாக இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு மேசைக்கரண்டி சாஸில், அதாவது 15 கிராமில், 15 மில்லிகிராம்தான் வரும். அளவைத் தொட அவன் ஆறு கரண்டிக்கு மேல் தின்ன வேண்டும். அப்படித் தின்னும் நாளில் நான் பென்சோயேட்டைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், சர்க்கரையைப் பற்றித்தான் கவலைப்படுவேன். கடைச் சாஸ் பலவற்றில் கால் பங்கு சர்க்கரை. அந்த ஆறு கரண்டியில் ஏறக்குறைய 22 கிராம், அது போக உப்பு வேறு.

211-ஐ நான் முகம் சுளித்துப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. பழ பானம், குளிர்பான பாட்டில்களில் 211-ம் 300-ம் சேர்ந்து இருந்தால், சூடும் வெளிச்சமும் படப் பட மிகச் சிறு அளவில் பென்சீன் உருவாகலாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் சந்தேகமே இல்லை. 2005, 2006-ல் இது அமெரிக்காவில் பெரிய பேச்சாகி, பல நிறுவனங்கள் கலவையை மாற்றின. நம் ஊரில் பெட்டிக்கடை வாசலில், பேருந்து நிலையத்தில் சித்திரை வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டில்களை நினைத்துப் பாருங்கள். பாட்டில் தொட்டால் சுடுகிறதா, வேண்டாம், இளநீர் வாங்கிக் கொடுங்கள்.

மகனுக்காக நீங்கள் பார்க்க வேண்டிய பாட்டில் சாஸ் அல்ல, ஜாம். மிக்ஸட் ஃப்ரூட் ஜாம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். முதலில் சர்க்கரை, பிறகு பழக்கூழ், பிறகு 440 (பெக்டின், ஜாமை இறுக வைப்பது), 330, 211 அல்லது 202 (பொட்டாசியம் சார்பேட், இன்னொரு பிரிசர்வேட்டிவ்), கடைசியில் நிறம் 122 அல்லது 124. நம் நாட்டு விதிப்படி ஜாமில் பழம் 45 சதவீதம் இருக்க வேண்டும், கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்த 65-ல் பெரும்பகுதி சர்க்கரைதான். இரண்டு பிரெட்டுக்கு 20 கிராம் தடவினால் 12, 13 கிராம் சர்க்கரை போய்விடும். நிறத்துக்கு வேறு காரணம். 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்குச் செயற்கை நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளிடம் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கொஞ்சம் கூடின. நிறமா, பென்சோயேட்டா என்று அந்த ஆய்விலிருந்து பிரிக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறங்கள் சேர்த்த உணவில் எச்சரிக்கை வாசகம் போடச் சொல்லிவிட்டது. இங்கே அந்த வாசகம் கிடையாது, ஆகவே எண்ணை நாம்தான் பார்க்க வேண்டும். ஆபத்து பெரிதில்லை என்றாலும், நிறத்தால் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லையே. பிரிசர்வேட்டிவாவது பூஞ்சையைத் தடுக்கிறது.

பிரெட்டில் இருக்கும் 282-ஐ நான் ஆதரிப்பேன். கால்சியம் புரொபியோனேட் அது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் தினமும் உண்டாக்கும் அமிலத்தின் உப்பு. ஐப்பசி ஈரத்தில் அது இல்லாத பிரெட் இரண்டு மூன்று நாளில் பச்சை பூத்துவிடும். பூத்த துண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை டோஸ்ட் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், முழுப் பாக்கெட்டையும் போட்டுவிட வேண்டியதுதான். பிரெட்டில் கவலைப்பட வேண்டியதாக இருந்தது வேறொன்று: 924, பொட்டாசியம் புரோமேட், மாவு நன்றாக உப்பிவரப் போடுவது. பிரிட்டன் 1990-லேயே நிறுத்திவிட்டது. 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன் மாதிரிகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் புரோமேட் அல்லது அயோடேட் மிச்சம் இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அரசு அனுமதித்த பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 250 பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாசேஜ், சலாமி, ஹாம் வகைகளில் வரும் சோடியம் நைட்ரைட். போட்யூலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கத்தான் சேர்க்கிறார்கள், வேறு வழி எளிதில் இல்லை. ஆனால் அதிகச் சூட்டில் பொரிக்கும்போது இறைச்சியின் புரதத்தோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் உண்டாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஏற்கெனவே இருக்கும் சிறிய வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது. மாதத்துக்கொரு நாள் சாப்பிட்டால் போகட்டும். பள்ளி டிபன் பாக்ஸில் வாரம் மூன்று நாள் சிக்கன் சாசேஜ் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கறிக்கடைக் கோழியை வறுத்து வைக்கலாம். உங்கள் வாட்ஸ்அப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண் இது, அதில் இல்லவே இல்லை.

அப்புறம், இரட்டை விலைச் சாஸ். 1902-ல் ஹார்வி வைலி என்ற அமெரிக்க அரசு வேதியியலாளர், இளைஞர்கள் சிலரைச் சேர்த்து, அன்று உணவில் தாறுமாறாகக் கலந்துகொண்டிருந்த போராக்ஸ், ஃபார்மால்டிஹைடு, பென்சோயேட் போன்றவற்றைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தார். அந்தப் பரபரப்பில் 1906-ல் அங்கே உணவுச் சட்டமே வந்தது. அந்தக் காலத்தில்தான் ஹெய்ன்ஸ் நிறுவனம் பென்சோயேட் இல்லாத கெட்சப்பைக் கொண்டு வந்தது. எப்படி? நன்கு பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை. இன்றும் வழி இதுதான். சூடாக நிரப்பி அடைப்பது, பாக்கெட்டோடு வேக வைப்பது, தண்ணீரை வற்ற வைப்பது, இல்லையென்றால் உப்பும் சர்க்கரையும் புளிப்பும் கூட்டுவது. நம் விதிகளிலேயே உப்பு, சர்க்கரை, வினிகர், எண்ணெய் எல்லாம் முதல் வகுப்பு பிரிசர்வேட்டிவ்கள். லேபிளில் "இரண்டாம் வகுப்பு" என்று போடுவது 211 போன்றவற்றுக்கு. ஆகவே இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து, 100 கிராமுக்கு சோடியம் எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். விலை கூடிய பாட்டிலில் அவை குறைவாக இருந்தால் வாங்கலாம். கூடுதலாகவோ சமமாகவோ இருந்தால் முன்பக்க வாசகத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். அப்படி வாங்கினால் திறந்த பிறகு கட்டாயம் ஃப்ரிட்ஜ், அதுவும் சீக்கிரம் தீர்க்க வேண்டும். ஊறுகாய் கடையில் வாங்கினாலும் வீட்டில் போட்டாலும் உப்பு விஷயத்தில் ஒன்றுதான். மாமனாருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் 211-ஐ விட அந்த உப்புதான் அவருக்குப் பகை.

இஞ்சி பூண்டு விழுதை வீட்டிலேயே அரைப்பதானால் ஃப்ரீசரில் வையுங்கள். எண்ணெய் ஊற்றி வெளியே வைத்தால் கெடாது என்று நினைக்காதீர்கள், காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் பூண்டு இருப்பது போட்யூலிசக் கிருமிக்கு வாகான இடம்.

லேபிள் படிப்பதில் நான் செய்வது இது. பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். முதல் மூன்றைப் படித்தாலே கையில் இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். கோதுமை பிரெட் என்று முன்னால் எழுதி, பின்னால் மைதா முதலில் நின்று, கடைசியில் 150 என்று கேரமல் நிறம் இருந்தால் அது சாயம் பூசிய மைதா பிரெட். அடுத்து உப்பைத் தேடுங்கள். ஊறுகாய், மசாலாப் பொடி தவிர பெரும்பாலான உணவில் உப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அதைவிடக் குறைவு. உப்புக்கு முன்னாலேயே சர்க்கரை, குளுக்கோஸ் திரவம், இன்வெர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று தனித்தனியாக இருந்தால் எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. லேபிளில் போடும் சதவீதக் கணக்கு, ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம், 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற பெரியவர் அளவை வைத்தது, ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. உடனடி நூடுல்ஸில் பிரிசர்வேட்டிவ் அவசியமே இல்லை, பொரித்துக் காய வைத்தது. அதன் சோடியம் வரியை ஒரு முறை பாருங்கள், மசாலா பாக்கெட்டில் பாதியைப் போட்டால் போதும் என்று நீங்களே முடிவுக்கு வந்துவிடுவீர்கள். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இவ்வளவும் லேபிள் இருக்கும் பொருளுக்கு. உண்மையான கலப்படம் லேபிள் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால். அதற்கு உணவு எண்ணே கிடையாது, எந்தப் பட்டியலைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. தெருமுனை பேக்கரி பிரெட் வாங்கினால், உறையில் தயாரித்த தேதியும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டும் போடவில்லை என்றால் வேறு கடை பாருங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு புகாரும் எழுதிக் கொடுங்கள்.